ஒளியில் திறக்கும் கதவு: பாசியின் சேனல்ரோடாப்சின் கட்டமைப்பை நீங்களே படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கிளாமிடோமோனாஸ் ஒரே செல்லாலான பச்சைப் பாசி. குறுக்களவு சுமார் 10 மைக்ரோமீட்டர். முன்பக்கம் இரண்டு கசையிழைகள். பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்புள்ளி. நீந்தும்போது அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகும். கண்புள்ளியில் அடுக்கடுக்காக இருக்கும் கரோட்டினாய்டு மணிகள் ஒரு பக்கத்து ஒளியைத் திருப்பி அனுப்பி, மறுபக்கத்து ஒளியை மறைக்கின்றன. அதற்கு நேர் மேலே, செல் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே ஒளியை உணர்கின்றன. ஒளி பட்டதும் அவை வழியாக நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன, கசையிழைகளின் அடிப்பு மாறுகிறது, பாசி திரும்புகிறது.

அந்தப் புரதங்கள்தாம் சேனல்ரோடாப்சின்கள். கியோர்க் நாகல், பீட்டர் ஹெகமான், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோரின் குழு 2002இல் முதலாவதையும் 2003இல் இரண்டாவதையும் அயனிக் கால்வாய்கள் என்று நிறுவியது. 2005இல் எட்வர்ட் பாய்டன், கார்ல் டைசராத் முதலியோர் இரண்டாவதை நரம்பு செல்லில் பொருத்தி, நீல ஒளியால் அந்தச் செல்லைத் தூண்டிக் காட்டினார்கள். ஒளிமரபியல் என்ற துறை விரிந்தது அங்கிருந்துதான்.

இந்தப் புரதத்தின் அணுக் கட்டமைப்பை உங்கள் கணினித் திரையில் நீங்களே திறந்து, ஒவ்வொரு பகுதியாகப் படித்துப் புரிந்துகொள்ள உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பள்ளி அளவு உயிர்வேதியியல் போதும்: அமினோ அமிலம் என்றால் என்ன, ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் சரி. தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் புரதத்தில் தயாராக ஒரு குழாய் இருந்து, அதன் மேல் ஒரு மூடி இருப்பதாகக் கற்பனை செய்யாதீர்கள். இருட்டில் இந்தப் புரதத்தில் பாதை பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதை, சில அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும்போதுதான் உருவாகிறது. அந்தப் பிடிகளைக் கண்டுபிடிப்பதே கட்டமைப்பைப் படிப்பதன் பொருள்.

படி 1: சரியான கோப்பைத் திறப்பது

புரதத் தரவு வங்கியின் இணையதளம் இலவசம். அங்கேயே மோல்ஸ்டார் என்ற பார்வைக் கருவி உலாவியில் திறக்கும். இன்னும் வசதியாக வேலை செய்ய விரும்பினால் கிமேராஎக்ஸ் மென்பொருளைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கல்விப் பயன்பாட்டுக்கு அதற்கும் கட்டணம் இல்லை.

முதலில் திறக்க வேண்டியது 3யூஜி9 என்ற பதிவு. 2012இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒசாமு நுரேகியின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹிடேயாகி காடோ முதலியோர் 2.3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பிரிதிறனில் தீர்த்த கட்டமைப்பு இது. இதன் பெயர் சி1சி2. காரணம், இது இயற்கைப் புரதம் அல்ல, ஒட்டுச்செடி போன்றது. புரதச் சங்கிலி சுருள் சுருளாக ஏழு முறை சவ்வைக் கடக்கிறது; அவற்றில் முதல் ஐந்து சுருள்கள் சேனல்ரோடாப்சின்-1இலிருந்தும், ஆறும் ஏழும் சேனல்ரோடாப்சின்-2இலிருந்தும் எடுக்கப்பட்டவை. சவ்வுப் புரதங்களைப் படிகமாக்குவது மிகக் கடினம் என்பதால், நிலையாக நிற்கும் ஒரு வடிவத்தைத் தேடி இப்படி ஒட்டினார்கள்.

இயற்கையான சேனல்ரோடாப்சின்-2இன் கட்டமைப்பு 2017இல்தான் வந்தது. வாலன்டின் கோர்டெலியின் குழு சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராமில் தீர்த்த அதன் பதிவு எண் 6இஐடி. ஏன் இதையே முதலில் திறக்கக் கூடாது? திறக்கலாம். ஆனால் 2012க்குப் பின் வந்த பெரும்பாலான விளக்கங்கள் சி1சி2ஐ வைத்து எழுதப்பட்டவை. அதைப் பழகிக்கொண்டு இரண்டாவதற்கு வந்தால் வேறுபாடுகள் தானாகவே கண்ணில் படும்.

ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் இதே புரதங்களின் கணிப்பு மாதிரிகள் கிடைக்கின்றன. சுருள்களின் பொது அமைப்புக்கு அவை நன்றாகவே உதவும். ஆனால் அவற்றில் ரெட்டினால் இல்லை, நீர் மூலக்கூறுகளும் இல்லை. ஒளியை வாங்குவது ரெட்டினால், அயனி போகும் வழியைக் காட்டுவது நீர். அவை இரண்டும் இல்லாத மாதிரியில் கதவைத் தேடுவது வீண்வேலை.

படி 2: எது வெளி, எது உள்

திறந்ததும் ஏழு சுருள்கள் ஒரு கட்டாக நிற்பதைக் காண்பீர்கள். ஒரே ஒரு சங்கிலி மட்டும் தெரிந்தால் பதற வேண்டாம். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு அலகை மட்டும் கோப்பு தருகிறது. ‘உயிரியல் தொகுப்பு’ என்ற தெரிவை அழுத்தினால் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிய முழு இரட்டை தோன்றும்.

இப்போது நிமிர்த்த வேண்டும். புரதத்தின் தொடக்க முனை, அதாவது அமினோ முனை, செல்லுக்கு வெளியே இருக்கிறது. இறுதி முனை உள்ளே. சங்கிலி ஏழு முறை சவ்வைக் கடப்பதால் வெளியே தொடங்கி உள்ளேதான் முடியும். வெளிப்பக்கத்தைத் திரையின் மேலே வைத்துக்கொள்ளுங்கள். இனி ‘மேலே’ என்றால் வெளி, ‘கீழே’ என்றால் செல்லின் உள்.

மேலே, சவ்வுக்கு வெளியே, இரண்டு மூலக்கூறுகளின் தொடக்கப் பகுதிகளும் பின்னிக் கிடப்பதைப் பாருங்கள். அங்கே சிஸ்டீன் 66, 73, 75 ஆகியவை எதிர் மூலக்கூறின் சிஸ்டீன்களோடு சேர்ந்து மூன்று டைசல்பைடு பிணைப்புகளை உருவாக்குகின்றன. சவ்வுக்குள் மூன்றாம், நான்காம் சுருள்கள் எதிர் மூலக்கூறோடு உரசி நிற்கின்றன.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பொட்டாசியம் கால்வாய் போன்றவற்றைப் படித்தவர்கள், நான்கு துண்டுகளின் நடுவில் துளை இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். அதே எண்ணத்தில் இங்கேயும் இரட்டையின் நடுவில் துளையைத் தேடுவார்கள். அங்கே துளை இல்லை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனியாக, அதன் சொந்த உடலுக்குள் ஒரு பாதை இருக்கிறது. எனவே இனி ஒரு மூலக்கூறை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று: முழுப் புரதத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் உண்டு; திரையில் இருப்பது முதல் முந்நூற்றுச் சொச்சம் மட்டுமே. உள்ளே தொங்கும் நீண்ட வாலைப் படிகமாக்கும் முன்பே வெட்டிவிட்டார்கள். வால் இல்லாமலும் கால்வாய் ஒளியில் திறக்கிறது. ஒளிமரபியலில் பயன்படுத்துவதும் இந்த வாலில்லாத வடிவத்தைத்தான்.

படி 3: 39ஐக் கழியுங்கள்

இது சிறிய படி. ஆனால் இதைத் தாண்டாமல் எதையும் சரியாகப் படிக்க முடியாது. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் சேனல்ரோடாப்சின்-2இன் எண்களே வரும்: குளூட்டமேட் 90, குளூட்டமேட் 123, சிஸ்டீன் 128, லைசின் 257. 3யூஜி9 கோப்பில் இருப்பதோ சி1சி2இன் எண்கள். சவ்வுப் பகுதியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சரியாக 39. கோப்பின் எண்ணிலிருந்து 39ஐக் கழித்தால் கட்டுரையின் எண் வரும்: 129 என்பது 90, 162 என்பது 123, 167 என்பது 128, 296 என்பது 257.

நான் முதன்முதலில் இதைத் திறந்தபோது இந்தக் கணக்குத் தெரியாது. ‘நடுக் கதவு’ என்று படித்திருந்த குளூட்டமேட் 90ஐத் தேடி, 90 என்று தட்டி, முதல் சுருளின் மேல் முனையில் போய் நின்றேன். கதவு இருக்க வேண்டிய இடத்தில் கதவும் இல்லை, குளூட்டமேட்டும் இல்லை. கட்டுரை தவறா, கோப்பு தவறா என்று ஒரு மாலை முழுவதும் குழம்பிய பிறகே எண்களை அருகருகே எழுதிப் பார்த்தேன். நீங்கள் முதலிலேயே ஒரு தாளில் இரண்டு வரிசைகளையும் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இனி இந்த வழிகாட்டியில் சேனல்ரோடாப்சின்-2இன் எண்களையே தருகிறேன். கோப்பில் தேடும்போது 39ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: ரெட்டினாலிலிருந்து தொடங்குங்கள்

சுருள்களின் நாடா வடிவம் அழகாக இருக்கும். அதிலேயே கண் தங்கிவிடும். நாடாக்களை மங்கலாக்கிவிட்டு, ரெட்டினாலை மட்டும் தடித்த குச்சிகளாகக் காட்டுங்கள். வைட்டமின் ஏயிலிருந்து உருவாகும் அதே மூலக்கூறு. நம் கண்ணின் ரோடாப்சினிலும் இதுதான் ஒளியை வாங்குகிறது.

ஒரு முனையில் அறுகோண வளையம், அதிலிருந்து மாறி மாறி இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஒரு வால். வாலின் நுனி ஏழாம் சுருளிலுள்ள லைசின் 257இன் நைட்ரஜனோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுக்கு ஷிஃப் காரம் என்று பெயர். இருட்டில் அந்த நைட்ரஜனில் ஒரு புரோட்டான் ஒட்டியிருக்கும். அதனால் அந்த இடத்தில் ஒரு நேர்மின்னூட்டம்.

புரதத்தின் நட்டநடுவில், எண்ணெய்ப்பசையான சூழலில், ஒரு நேர்மின்னூட்டம் தனியாக நிற்க முடியாது. ஈடுசெய்ய எதிர்மின்னூட்டம் வேண்டும். நைட்ரஜனைச் சுற்றி 4 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கருவியிடம் கேளுங்கள். இரண்டு பேர் வருவார்கள்: மூன்றாம் சுருளின் குளூட்டமேட் 123, ஏழாம் சுருளின் ஆஸ்பார்ட்டேட் 253. சி1சி2இல் மிக நெருங்கி நிற்பது ஆஸ்பார்ட்டேட்தான்.

இந்த இணை வெறும் ஈடுகட்டும் வேலையோடு நிற்பதில்லை. நிறத்தையும் அதுவே பெருமளவு தீர்மானிக்கிறது. தனித்த ரெட்டினால் உறிஞ்சுவது புற ஊதாவுக்கு அருகில், 380 நானோமீட்டரில். புரோட்டான் ஏறிய ஷிஃப் காரமாகக் கரைசலில் இருக்கும்போது அது சுமார் 440க்கு நகர்கிறது. சேனல்ரோடாப்சின்-2இன் பைக்குள் 470, அதாவது நீலம். வேறொரு கிளாமிடோமோனாஸ் இனத்திலிருந்து வந்த கிரிம்சன் என்ற சேனல்ரோடாப்சினில் 590, ஆரஞ்சுச் சிவப்பு. எல்லாவற்றிலும் அதே ரெட்டினால். மாறுவது சுற்றியிருக்கும் அமினோ அமிலங்களும் அவற்றின் மின்னூட்டங்களும் மட்டுமே.

படி 5: இரண்டாம் சுருளைப் பின்தொடருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் கருத்தில் இந்தப் புரதத்தின் இதயம் ரெட்டினால் அல்ல, இரண்டாம் சுருள்தான்.

இரண்டாம் சுருளை மட்டும் காட்டி, அதிலுள்ள குளூட்டமேட்களைச் சிவப்பாக்குங்கள். ஐந்து கிடைக்கும்: 82, 83, 90, 97, 101. இப்போது எண்களைக் கவனியுங்கள். 83, 90, 97: ஏழேழாகத் தாண்டுகின்றன. ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஏழு தாண்டினால் ஏறத்தாழ இரண்டு சுற்று. அதனால் இவை மூன்றும் சுருளின் ஒரே பக்கத்தில், மேலும் கீழுமாக, ஏணிப்படிகள் போல நிற்கின்றன. ஒவ்வொரு அமினோ அமிலமும் சுருளில் 1.5 ஆங்ஸ்ட்ராம் உயர்வைத் தருவதால், படிக்கும் படிக்கும் இடையே சுமார் 10 ஆங்ஸ்ட்ராம். 97இலிருந்து நான்கு தாண்டினால் 101. அதுவும் ஏறக்குறைய அதே பக்கம்.

அந்தப் பக்கம் எதை நோக்கி இருக்கிறது? முதல், மூன்றாம், ஏழாம் சுருள்களை நோக்கி. நேர்மின் அயனி போகும் பாதை இந்த நான்கு சுருள்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. எதிர்மின் தன்மை கொண்ட குளூட்டமேட்கள் ஏன் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன என்பது இப்போது விளங்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், புரோட்டான் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை. அவற்றை ஈர்த்து, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே இறக்க ஏற்ற சுவர் இது.

ஒரு கூடுதல் தகவல். இந்தக் கால்வாய் மற்ற அயனிகளைவிடப் புரோட்டானை ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு எளிதாக விடுகிறது. அப்படியிருந்தும் நரம்பு செல்லில் மின்னோட்டத்தின் பெரும்பங்கு சோடியத்துடையது. காரணம் எண்ணிக்கை: செல்லுக்கு வெளியே சோடியம் ஏராளம், புரோட்டான் மிக அரிது. ஆனாலும் ஒரு தனிக் கால்வாய் கடத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. கடத்துதிறன் சுமார் 40 ஃபெம்டோசீமன்ஸ்தான். செல்லில் இந்தப் புரதம் ஏராளமாக உருவானால்தான் பயன் உண்டு.

இனி மேற்பரப்பு வடிவத்தை இயக்கி, மேலிருந்து கீழே பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு அகன்ற முற்றம் தெரியும். நீர் நிறைந்த அந்த முற்றம் புரதத்தின் நடுப்பகுதி வரை இறங்கி, அங்கே அடைபட்டுப்போகிறது. பாதையின் அகலத்தை அளக்க ஹோல், கேவர் போன்ற நிரல்கள் உண்டு. அவற்றை ஓட்டினாலும் நடுவில் நின்றுவிடும். நிரலில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இருட்டில் உறைந்த கட்டமைப்பு இது. கதவு மூடித்தான் இருக்கும்.

படி 6: கதவுகளைக் கண்டுபிடிப்பது

அடைபட்ட அந்த இடத்துக்கு நெருங்கிச் செல்லுங்கள். மூன்று அமினோ அமிலங்களைக் காட்டச் சொல்லுங்கள்: முதல் சுருளின் செரின் 63, இரண்டாம் சுருளின் குளூட்டமேட் 90, ஏழாம் சுருளின் அஸ்பராஜின் 258. மூன்று சுருள்களிலிருந்து மூன்று கைகள் நீண்டு, ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டிருக்கின்றன. இதுவே நடுக் கதவு. அஸ்பராஜின் 258, ரெட்டினாலைப் பிடித்திருக்கும் லைசின் 257க்கு அடுத்த அமினோ அமிலம் என்பதைக் கவனித்தீர்களா? ரெட்டினால் அசைந்தால் அந்த அசைவு கதவுக்குப் போய்ச் சேர நெடுந்தூரம் பயணிக்க வேண்டியதில்லை.

அதற்குக் கீழே உட்கதவு. டைரோசின் 70 குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிக் குளூட்டமேட் 82, 83, ஹிஸ்டிடின் 134, 265, ஆர்ஜினின் 268 ஆகியவை வலைபோல் பின்னியிருக்கின்றன. நடுக் கதவைத் தாண்டும் அயனி இதையும் தாண்டியாக வேண்டும்.

இப்போது 6இஐடியைத் திறந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். சேனல்ரோடாப்சின்-2இல் பாதை நான்கு குழிவுகளாகவும், அவற்றைப் பிரிக்கும் மூன்று கதவுகளாகவும் விவரிக்கப்பட்டிருக்கிறது: வெளிக்கதவு, நடுக் கதவு, உட்கதவு. வெளிக்கதவின் மையத்தில் ஆர்ஜினின் 120ஐக் காண்பீர்கள். சி1சி2இல் அகன்று தெரிந்த முற்றம் இங்கே அத்தனை திறந்ததாக இல்லை. ஒட்டுப் புரதத்தைப் பார்த்துவிட்டு ‘சேனல்ரோடாப்சின் இப்படித்தான்’ என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காவதாக ஓர் இடம். மூன்றாம் சுருளின் சிஸ்டீன் 128, நான்காம் சுருளின் ஆஸ்பார்ட்டேட் 156. இது அயனி செல்லும் வழியில் இல்லை. ஆனால் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை இந்த இணை ஆள்கிறது. 6இஐடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நிற்கிறது. நீர்களை மறைத்து வைத்திருந்தால் அந்தப் பாலம் கண்ணிலேயே படாது; ஆகவே நீர்களைக் காட்டும் தெரிவை இயக்கியே வைத்திருங்கள்.

எக்ஸ்ரே படிகவியலில் இந்தப் பிரிதிறனில் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியா. எனவே ‘குளூட்டமேட் 90இல் இருட்டில் புரோட்டான் இருக்கிறது’ என்பது திரையில் காணக்கூடியது அல்ல. அகச்சிவப்பு நிறமாலை அளவீடுகளிலிருந்து தெரிந்தது. எது கட்டமைப்பு சொல்வது, எது வேறு சோதனை சொல்வது என்று பிரித்து எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

படி 7: பம்ப்போடு ஒப்பிடுங்கள்

1சி3டபிள்யூ என்ற பதிவு பாக்டீரியோரோடாப்சின். உப்பை விரும்பும் ஆர்க்கியா (பாக்டீரியா போன்ற ஒரு நுண்ணுயிர்) ஒன்றின் புரோட்டான் பம்ப் இது, 1.55 ஆங்ஸ்ட்ராமில் தீர்க்கப்பட்டது. அதே ஏழு சுருள்கள், அதே ரெட்டினால், அதே லைசின். பொருத்திப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். குளூட்டமேட் 123 நிற்கும் இடத்தில் இங்கே ஆஸ்பார்ட்டேட் 85, 253க்கு 212, ஹிஸ்டிடின் 134 நிற்கும் இடத்தில் ஆஸ்பார்ட்டேட் 96, சிஸ்டீன் 128க்குத் திரியோனின் 90.

பிறகு ஏன் ஒன்று பம்ப், ஒன்று கால்வாய்? வெளிப்பக்க முனைகளைப் பாருங்கள். சி1சி2இல் முதல், இரண்டாம் சுருள்களின் மேல் முனைகள் 3 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் வெளியே சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வில் பிறந்ததுதான் முற்றம். ஒரு நீர் மூலக்கூறின் அகலமே ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ராம். அந்தச் சிறு விலகல், நீர் நுழைய முடியாத இடத்தை நீர் நிற்கும் இடமாக மாற்றப் போதுமானது.

இயக்க முறையிலும் வேறுபாடு அடிப்படையானது. பம்ப் ஒருபோதும் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. திறந்தால் ஏற்றியதெல்லாம் திரும்ப வழிந்துவிடும். அதனால் ஒரு ஒளித்துகளுக்கு ஒரு புரோட்டான் என்ற கணக்கில் அது நகர்த்துகிறது. கால்வாயில் இரு முனைகளும் சேர்ந்து திறக்கின்றன; திறந்திருக்கும் வரை அயனிகள் தாமாகவே இறங்கிப் பாய்கின்றன. அதற்குத் தனியாக ஆற்றல் தேவையில்லை. ஒளியின் ஆற்றல் கதவைத் திறப்பதற்கு மட்டுமே.

படி 8: ஒளி பட்ட பிறகு

மேலே திறந்த எல்லாக் கோப்புகளும் மூடிய நிலையைக் காட்டுபவை. திறக்கும் நிகழ்வை நிறமாலை அளவீடுகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இருட்டில் ரெட்டினாலின் வால் நேராக இருக்கிறது. முழு டிரான்ஸ் வடிவம். ஒளித்துகள் விழுந்ததும், ஒரு பிக்கோ விநாடிக்கும் குறைந்த நேரத்தில், 13ஆம் கார்பனிலுள்ள இரட்டைப் பிணைப்பு திரும்பி வால் மடங்குகிறது. நம் கண்ணில் நடப்பது வேறு: அங்கே 11ஆம் கார்பனில் மடங்கியிருந்தது நேராகிறது, பிறகு ரெட்டினால் புரதத்தைவிட்டே கழன்றுபோகிறது. பாசியின் புரதத்தில் அது கழல்வதில்லை. அங்கேயே இருந்து மீண்டும் நேராகிறது. ஒரே புரதம் திரும்பத் திரும்ப ஒளிக்குப் பதில் தர முடிவது இதனால்தான்.

அடுத்துவரும் இடைநிலைகளுக்கு அவை உறிஞ்சும் அலைநீளத்தைக் கொண்டே பெயர். முதலில் பி500. பிறகு ஷிஃப் காரம் தன் புரோட்டானை இழக்கிறது. அதை வாங்கிக்கொள்வது ஆஸ்பார்ட்டேட் 253. அந்நிலை பி390. மீண்டும் புரோட்டான் ஏறும்போது பி520. கால்வாய் அயனிகளைக் கடத்துவது இந்த நிலையில். ஒளியை நிறுத்தினால் சுமார் 10 மில்லிவிநாடியில் கதவு மூடுகிறது. சில மூலக்கூறுகள் பி480 என்ற நிலையில் தங்கிவிடும்; அவை முழுமையாக மீளப் பல விநாடிகள் ஆகும். தொடர்ந்து ஒளி காட்டினால் மின்னோட்டம் முதலில் உச்சம் தொட்டுப் பின் தணிவதைச் சோதனையில் காண்பது இதனால்தான்.

அசைவைப் பற்றி நேரடிச் சான்றுகளும் உண்டு. 2015இல் வெளியான மின்னணுப் படிகவியல் ஆய்வு, ஒளி பட்டபின் இரண்டாம், ஆறாம், ஏழாம் சுருள்கள் இடம்பெயர்வதைக் காட்டியது. 2021இல் எக்ஸ்ரே லேசரைக் கொண்டு சி1சி2இன் தொடக்க அசைவுகள் நேர வரிசையில் பதிவுசெய்யப்பட்டன. இரண்டாம் சுருளே இதயம் என்று நான் சொன்னதற்கு இந்த இடப்பெயர்ச்சியும் ஒரு காரணம்: குளூட்டமேட் ஏணி முழுவதையும் சுமந்திருக்கும் சுருள் நகர்ந்தால், பாதையின் சுவரே நகர்கிறது.

படி 9: மாற்றங்களை வைத்து உங்கள் வாசிப்பைச் சோதியுங்கள்

ஒரு அமினோ அமிலத்தின் வேலை என்ன என்று நீங்கள் ஊகித்தது சரியா என்று அறிய, அதை மாற்றியவர்கள் என்ன கண்டார்கள் என்று பாருங்கள். சிஸ்டீன் 128ஐச் செரினாக மாற்றினால் கதவு மில்லிவிநாடிகளுக்குப் பதில் நிமிடக்கணக்கில் திறந்திருக்கிறது. ஆஸ்பார்ட்டேட் 156ஐயும் அலனினாக மாற்றினால் அது சுமார் அரை மணி நேரமாக நீள்கிறது. நீர்ப்பாலத்தின் இரு கரைகளையும் இடித்தால் மூடும் வேலை தடுமாறுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. குளூட்டமேட் 123ஐத் திரியோனினாக மாற்றினால் எதிர்த்திசை: கதவு வேகமாக மூடுகிறது, அடுத்தடுத்த ஒளித்துடிப்புகளுக்கு நரம்பு செல் ஈடுகொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது குளூட்டமேட் 90. அந்த ஓர் எதிர்மின் அமிலத்தை நேர்மின் ஆர்ஜினினாக மாற்றியபோது, நேர்மின் அயனிகளைக் கடத்திய கால்வாய் குளோரைடைக் கடத்தத் தொடங்கியது. 2014இல் வந்த முடிவு அது. நரம்பைத் தூண்டும் கருவி, நரம்பை அடக்கும் கருவியாகிவிட்டது. 3யூஜி9இல் 129ஐத் தேர்ந்தெடுத்து, கருவியிலேயே ஆர்ஜினினாக மாற்றிப் பாருங்கள். நடுக் கதவின் இடுக்கில் ஒரு நேர்மின் கை நீள்வதைக் கண்ணால் காணலாம். அதை ஒட்டி ஒரு சோடியம் எப்படி நழுவ முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: உறவினர்களைத் திறந்து பாருங்கள்

இயற்கையும் குளோரைடு கால்வாய்களைச் செய்திருக்கிறது. கில்லார்டியா தீட்டா என்ற கிரிப்டோஃபைட் பாசியில் எலெனா கொவொருனோவா, ஜான் ஸ்புடிச் முதலியோர் 2015இல் அவற்றைக் கண்டறிந்தார்கள். அவற்றில் ஒன்றின் கட்டமைப்பு 2018இல் 2.9 ஆங்ஸ்ட்ராமில் வெளியானது. பதிவு எண் 6சிஎஸ்எம். குளூட்டமேட் 123 இருக்க வேண்டிய இடத்தில் இங்கே செரின். எதிர்மின் தன்மை அங்கே குறைந்திருப்பதன் பொருளை, முந்தைய படியைச் செய்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். குளூட்டமேட் 90க்கு இணையானது மட்டும் 68 என்ற எண்ணில் இன்னும் குளூட்டமேட்டாகவே இருக்கிறது. எதிர்மின் அயனிக் கால்வாயின் நடுவே ஒரு குளூட்டமேட் எப்படி இடம்பிடித்தது என்பதை அதன் அண்டை அமினோ அமிலங்களைப் பார்த்து நீங்களே ஆராயுங்கள், நல்ல பயிற்சி.

கடைசியாக கிரெம்மைன் என்ற சேனல்ரோடாப்சின். இதுவும் கிரிப்டோஃபைட் வகையைச் சேர்ந்தது; சிவப்பு ஒளிக்கும் பதில் தரும், மின்னோட்டமும் பெரிது. 2022இல் கிரையோ மின்னணு நுண்ணோக்கி மூலம் 2.0 ஆங்ஸ்ட்ராமில் தீர்க்கப்பட்டபோது, அது இரட்டையாக இல்லாமல் மும்மையாக இருந்தது. கிளாமிடோமோனாஸின் கால்வாயைவிட பாக்டீரியோரோடாப்சினோடு அதற்கு நெருக்கம் அதிகம். பாக்டீரியோரோடாப்சினும் சவ்வில் மும்மையாகவே நிற்கிறது. இதைத் திறந்ததும் 39ஐக் கழிக்கும் கணக்கை மறந்துவிடுங்கள், இங்கே அது பொருந்தாது. ரெட்டினாலைத் தேடி, அது எந்த லைசினோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து ஒவ்வொரு கையாக எண்ணத் தொடங்குங்கள்.